நிறுவிக்கொள்ளும் வலைச்செயலி: செம்பனைத் தோட்டக் கணக்கை முன்வைத்துச் சில கேள்விகளும் விடைகளும்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களையும் சேர்ந்த சிறு குத்தகையாளர்களும், தோட்ட ஆபீஸ் கிராணிகளும் (எழுத்தர்களும்), வலைநிரலாக்கம் கற்றுவரும் இளையோரும் நிறுவிக்கொள்ளும் வலைச்செயலியைப் பற்றி அடிக்கடி எழுப்பும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எல்லா விடைகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டு போதுமானது. வெட்டுக்காரர்கள் சாலையோர மேடையில் அடுக்கி வைத்த செம்பனைக் குலைகளை ஒரு மண்டோர் (மேற்பார்வையாளர்) எண்ணுகிறார். பழுக்காத குலைகளைத் தனியே குறித்து, உதிர்ந்த பழத்தின் சாக்குக் கணக்கையும் சேர்த்துக் கைப்பேசியில் பதிகிறார். லோரி ஆலைக்குப் புறப்படும் முன் அந்தக் கணக்கு ஆபீசுக்கு வந்து சேர வேண்டும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் குறையும் என்பதால், கணக்கு வரட்டும் என்று லோரியை நிறுத்தி வைக்க முடியாது. நிரைகளுக்கு நடுவே பல இடங்களில் இணையத் தொடர்பு கிடைப்பதில்லை. இந்தச் செயலியின் வடிவத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த ஒரு குறைதான்.

இத்தகைய வலைச்செயலி சாதாரண இணையத்தளத்திலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது?

அடிப்படையில் இரண்டும் ஒன்றே. புரோகிரஸிவ் வெப் ஆப், சுருக்கமாகப் பிடபிள்யூஏ, என்ற பெயரை 2015இல் பிரான்சிஸ் பெரிமன், அலெக்ஸ் ரஸ்ஸல் ஆகிய இருவரும் வழங்கினர். வழக்கமான வலைப்பக்கத்தோடு இரண்டு கோப்புகள் கூடுதலாகச் சேர்கின்றன. செயலியின் பெயர், படவுரு, திறக்க வேண்டிய முகவரி ஆகியவற்றைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் ஒன்று. பக்கத்துக்கும் இணையத்துக்கும் இடையில் நின்று கோரிக்கைகளைக் கையாளும் சர்வீஸ் வொர்க்கர் மற்றொன்று. முதலாவது இருந்தால் செயலியைக் கைப்பேசியின் முகப்பில் நிறுவலாம். இரண்டாவதைச் சரியாக எழுதினால் தொடர்பு இல்லாத இடத்திலும் அது திறக்கும். இணையத்தில் கிடைக்கும் பயிற்சிகளில் பெரும்பாலானவை முதலாவதைக் காட்டி முடித்துவிடுகின்றன. நிறுவுவது அரை நாள் வேலை. நிறுவிய பிறகு மண்டோரின் பதிவு தொலையாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை.

பிளே ஸ்டோரிலும் ஆப் ஸ்டோரிலும் வெளியிடும் செயலியையே எழுதிவிடலாமே?

எழுதலாம். ஆனால் கூகுள் பிளேயில் பதிவுக் கட்டணம் ஒருமுறைக்கு 25 அமெரிக்க டாலர். ஆப்பிளில் ஆண்டுதோறும் 99 டாலர். 2023 நவம்பர் மத்திக்குப் பிறகு திறந்த தனிநபர் பிளே கணக்காக இருந்தால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்துப் பார்த்த பின்னரே பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். நாற்பது பேர் பயன்படுத்தப்போகும் ஒரு குலைக் கணக்குக்கு இத்தனை நடைமுறை தேவையில்லை என்பதே எமது கருத்து. திருத்தம் ஒன்றைக் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) முன் வெளியிட வேண்டுமானால், வலைச்செயலியில் யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

விதிவிலக்கும் உண்டு. எடைத்தராசை புளூடூத் வழியாக இணைக்க வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு குரோமில் வலைச்செயலியாலேயே அது முடியும். ஐபோனின் சஃபாரியில் முடியாது. செயலி மூடியிருக்கும்போதும் லோரியின் இருப்பிடத்தைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டுமென்றால் எந்த உலாவியும் அதற்கு இடம் தருவதில்லை. இவ்விரண்டும் உங்கள் தேவையின் மையமாக இருந்தால் வலைச்செயலியை நாட வேண்டாம்.

செயலி எழுதுவதற்கான ஆயத்தச் சட்டகங்களான ஃபிரேம்வொர்க்குகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை. இதைத் தட்டிக்கழிக்கும் விடையாகக் கருத வேண்டாம். நிறுவும் வசதியை எல்லா ஃபிரேம்வொர்க்குகளும் ஏறக்குறைய ஒரே முயற்சியில் தருகின்றன.

ஆங்குலரில் ஒரே கட்டளை மேனிஃபெஸ்ட்டையும், படவுருக்களையும், சர்வீஸ் வொர்க்கருக்கான அமைப்புக் கோப்பையும் சேர்த்துவிடுகிறது. ஸ்வெல்ட்கிட்டில் உரிய பெயரோடு ஒரு சர்வீஸ் வொர்க்கர் கோப்பை வைத்தாலே அது தானாகப் பதிவாகும்; உள்ளே எழுத வேண்டியதை நீங்களே எழுத வேண்டும். வியூ, ரியாக்ட் இரண்டையும் வீட் என்ற தொகுப்புக் கருவியோடு பயன்படுத்துவோருக்கு அதற்கென ஒரு பிடபிள்யூஏ செருகுநிரல் உள்ளது. அது கூகுளின் வொர்க்பாக்ஸ் நூலகத்தைக் கொண்டு சர்வீஸ் வொர்க்கரை உருவாக்கித் தருகிறது. ரியாக்ட்டை அடிப்படையாகக் கொண்ட நெக்ஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் மேனிஃபெஸ்ட் எளிது. ஆனால் பக்கங்கள் சர்வரில் உருவாகி வருவதால், தொடர்பற்ற நிலையில் எதைக் காட்டுவது என்று கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கும். பழைய பயிற்சிகள் பரிந்துரைக்கும் கிரியேட் ரியாக்ட் ஆப்பை 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே கைவிடச் சொல்லிவிட்டது என்பதால், அதில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம்.

குலைக் கணக்கைப் போன்று எல்லாப் பக்கங்களும் கைப்பேசியிலேயே உருவாகும் செயலிக்கு வியூவும் வீட்டும் போதும். இனி வரும் விடைகள் அந்தச் சேர்க்கையை மனத்தில் கொண்டவை.

நிறுவத்தக்கதாக ஆவதற்குக் குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும்?

தளம் எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்க இணைப்பு வழியாக வழங்கப்பட வேண்டும். அதற்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. மேனிஃபெஸ்ட்டில் பெயரோ குறும்பெயரோ, தொடக்க முகவரி, 192 பிக்சலிலும் 512 பிக்சலிலும் படவுருக்கள், தனிச் சாளரமாகத் திறக்கச் சொல்லும் காட்சி முறை ஆகியவை இருக்க வேண்டும். முன்பு குரோம் உலாவி, செயலியை நிறுவுவதற்குச் சர்வீஸ் வொர்க்கரையும் கட்டாயமாக்கியிருந்தது. கைப்பேசியில் 108ஆம் பதிப்பிலும் கணினியில் 112ஆம் பதிப்பிலும் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. எனவே நிறுவல் வேலை செய்கிறது என்பதைக் கொண்டு தொடர்பற்ற நிலையிலும் செயலி வேலை செய்யும் என்று முடிவுகட்டக் கூடாது.

மேனிஃபெஸ்ட்டில் ஐடி என்ற புலத்தையும் முதல் நாளே நிரப்பிவிடுங்கள். அது இல்லாவிட்டால் தொடக்க முகவரியே அடையாளமாகிவிடும். பின்னாளில் அந்த முகவரியை மாற்றினால் உலாவி அதை வேறொரு செயலியாகக் கருதும்.

படவுருவின் ஓரம் வெட்டுப்படுகிறதே?

ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் படவுருவை வட்டமாகவோ வேறு வடிவமாகவோ கத்தரிக்கின்றன. மாஸ்கபிள் என்று குறிக்கப்படும் படவுருவைத் தனியாகக் கொடுத்து, முக்கியமான பகுதியை நடுவில் உள்ள 80 விழுக்காட்டு வட்டத்துக்குள் அடக்கிவிட்டால் சிக்கல் தீரும். படவுருவைப் பிறகு மாற்றினால் ஏற்கெனவே நிறுவியவர்களின் கைப்பேசியில் உடனே மாறாது. ஐபோனில் செயலியை நீக்கி மீண்டும் சேர்ப்பதே உறுதியான வழி.

நிறுவும் அழைப்பு சிலருடைய கைப்பேசியில் தோன்றுவதில்லை. ஏன்?

அநேகமாக அவர்கள் இணைப்பை ஃபேஸ்புக் செயலிக்குள்ளேயே திறந்திருப்பார்கள். அங்கே திறப்பது முழு உலாவியன்று என்பதால் நிறுவ வழியில்லை. குரோமில் திறந்தும் தோன்றாவிட்டால், அவர் பக்கத்தை ஒருமுறையாவது தொட்டு, மொத்தம் 30 விநாடியாவது பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறாமல் இருக்கலாம். ஏற்கெனவே நிறுவியிருந்தாலும் மறைநிலைச் சாளரத்தில் இருந்தாலும் அழைப்பு வராது.

குரோம் தரும் நிறுவல் நிகழ்வை நிரலில் பிடித்து வைத்துக்கொண்டு, நாம் விரும்பிய இடத்தில் நம் சொந்தப் பொத்தானைக் காட்டுவது நல்லது. முதல் பக்கம் திறந்தவுடனேயே கேட்பதைக் காட்டிலும், மண்டோர் முதல் பதிவைச் சேமித்த பிறகு கேட்டால் அவருக்கும் காரணம் விளங்கும்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் எப்படி நிறுவுவது?

குரோம் தரும் அந்த நிறுவல் நிகழ்வு ஐபோனில் இல்லை. பகிர் பொத்தானைத் தொட்டு, முகப்புத் திரையில் சேர்க்கும் வாய்ப்பை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். எனவே சஃபாரி என்று கண்டறிந்தால் படத்துடன் கூடிய இரண்டு வரி விளக்கத்தைக் காட்டுங்கள். ஐஓஎஸ் 16.4 முதல் குரோம் போன்ற பிற உலாவிகளின் பகிர் பட்டியலிலிருந்தும் சேர்க்க முடிகிறது. சஃபாரியில் திறந்த பக்கத்தின் சேமிப்பும் முகப்பில் நிறுவிய செயலியின் சேமிப்பும் வெவ்வேறானவை. ஆகவே நிறுவிய பிறகு மீண்டும் ஒருமுறை உள்நுழையச் சொல்வது பிழையன்று. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஆபீசுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் குறையும்.

சர்வீஸ் வொர்க்கரை ஃபிரேம்வொர்க்கே எழுதித் தந்துவிடும் என்றால், நாம் செய்ய வேண்டியது என்ன?

சர்வீஸ் வொர்க்கர் என்பது தோட்ட ஆபீஸ் வாசலில் அமர்ந்து, கேட்டது கையில் இருந்தால் எடுத்துக் கொடுத்தும், இல்லாவிட்டால் டவுனுக்கு ஆள் அனுப்பியும் வேலையை நடத்தும் கிராணியைப் போன்றது. எதைக் கையில் வைத்திருக்க வேண்டும், எதற்கு ஒவ்வொரு முறையும் ஆள் அனுப்ப வேண்டும் என்ற உத்தரவை நாம்தான் தர வேண்டும்.

செயலியின் நிரல், வடிவமைப்பு, முதல் பக்கம் ஆகியவற்றை நிறுவும்போதே சேமித்துக்கொள்ளும் பணியைச் செருகுநிரல் தானாகச் செய்கிறது. ஆனால் அதன் இயல்பான அமைப்பு ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ், எச்டிஎம்எல் கோப்புகளை மட்டுமே சேர்த்துக்கொள்ளும். எழுத்துருவும் படங்களும் வேண்டுமென்றால் நீங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும். 2 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பையும் அது இயல்பாக ஏற்பதில்லை. ஆபீசில் நன்றாக இயங்கிய செயலி மலையடிவாரத்தில் படமும் எழுத்தும் இன்றித் திறப்பதற்கு இவ்விரண்டில் ஒன்று காரணமாக இருப்பது வழக்கம்.

சர்வரிலிருந்து வரும் தரவுக்கு ஒரே விதி பொருந்தாது. வெட்டுக்காரர் பட்டியல், நிரை எண்கள் போன்றவை எப்போதாவதுதான் மாறும் என்பதால், சேமிப்பிலிருந்து உடனே காட்டிவிட்டுப் பின்னணியில் புதுப்பித்துக்கொள்ளும் முறை பொருத்தமானது. அன்றைய விலை முதலில் இணையத்திலிருந்து வர வேண்டும். கிடைக்காவிட்டால் மட்டும் பழையதைக் காட்டி, அது எந்தத் தேதிக்குரியது என்பதையும் திரையில் எழுத வேண்டும். தேதியில்லாமல் பழைய விலையைக் காட்டுவதைவிட எதையும் காட்டாமல் இருப்பது மேல். உள்நுழைவு, கடவுச்சொல் மாற்றம் ஆகியவற்றை ஒருபோதும் சேமிப்பில் வைக்கக் கூடாது.

தொடர்பு இல்லாத நிரையில் பதியும் கணக்கு தொலையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பதிவை நேரடியாகச் சர்வருக்கு அனுப்ப முயன்று, தோற்றால் சேமிப்பது என்ற வரிசையைத் தலைகீழாக்குங்கள். சேமி பொத்தானைத் தொட்டவுடன் பதிவு கைப்பேசியில் உள்ள இன்டெக்ஸ்ட்டிபி தரவுத்தளத்துக்குத்தான் முதலில் போக வேண்டும், தொடர்பு நன்றாக இருந்தாலும். அங்கே எழுதப்பட்ட பிறகு, அனுப்ப வேண்டியவை என்ற வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகச் சர்வருக்குப் போகட்டும். இப்படிச் செய்தால் தொடர்பு உள்ள நேரம், இல்லாத நேரம் என்று இரண்டு வழிகளை எழுதிச் சோதிக்க வேண்டிய தேவையே எழாது. உலாவியின் எளிய சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜ் இதற்கு ஏற்றதன்று. சர்வீஸ் வொர்க்கரால் அதைத் தொடவே முடியாது.

ஒவ்வொரு பதிவுக்கும் தனித்த அடையாள எண்ணைக் கைப்பேசியே உருவாக்க வேண்டும். பதிவு சர்வரை அடைந்து, அடைந்ததற்கான மறுமொழி திரும்பி வரும் வழியில் தொடர்பு அறுந்துபோவது அடிக்கடி நடக்கும். அப்போது கைப்பேசி அதே பதிவை மீண்டும் அனுப்பும். அடையாள எண் இருந்தால் சர்வர் இது முன்பே வந்தது என்று கண்டு, இரண்டாம் முறை கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடும். இல்லாவிட்டால் ஒரு வெட்டுக்காரருக்கு 60 குலை 120 ஆகிவிடும், அந்தத் தகராறு சம்பள நாளில்தான் வெளியே வரும்.

பதிந்த நேரத்தையும் சர்வரை அடைந்த நேரத்தையும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நம் நாட்டு நேரத்துக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முன்னதாக ஓடுகிறது. காலை 7.30 மணிக்குப் பதிந்த குலை, பொது நேரத்தில் முந்தைய நாள் இரவு 11.30 ஆகப் பதிவாகும். சர்வர் அந்த நேரத்திலிருந்து தேதியை அப்படியே வெட்டியெடுத்தால், காலை 8 மணிக்கு முன் வெட்டிய குலைகள் அனைத்தும் நேற்றைய கணக்கில் போய்ச் சேரும். வேலை நாள் எது என்பதை நேரத்திலிருந்து ஊகிக்காமல் தனிப் புலமாகவே அனுப்புங்கள்.

எப்போது அனுப்புவது என்பதும் சிக்கலானதே. பின்னணியில் அனுப்பும் பேக்கிரவுண்டு சிங்க் வசதி குரோமிலும் அதன் உறவு உலாவிகளிலும் மட்டுமே உள்ளது, ஐபோனில் இல்லை. ஆகவே செயலி திறக்கும்போதும், மறைந்திருந்து மீண்டும் திரைக்கு வரும்போதும், புதிய பதிவு சேமிக்கப்படும்போதும் வரிசையை அனுப்ப முயலும் நிரலை எழுதிக்கொண்டு, பேக்கிரவுண்டு சிங்க்கைக் கூடுதல் உதவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இணையம் இருக்கிறதா என்று உலாவியைக் கேட்பதால் பயன் குறைவு. ஆபீஸ் வைஃபையோடு இணைந்திருந்தாலே, வெளியே கம்பி அறுந்திருந்தாலும், இருக்கிறது என்றுதான் அது சொல்லும். அனுப்பிப் பார்ப்பதே ஒரே சோதனை.

கடைசியாக, மண்டோர் கண்ணுக்குத் தெரியும்படி அனுப்பாத பதிவுகள் எத்தனை என்ற எண் எல்லாத் திரைகளிலும் இருக்க வேண்டும். அந்த எண் சுழியம் ஆகும்வரை அவர் கைப்பேசியை அணைக்க மாட்டார்; கணக்குப் புத்தகத்தை மூடி வைக்கவும் மாட்டார்.

சேமித்த தரவை உலாவி தானே அழித்துவிடுமா?

அழிக்கலாம். கைப்பேசியில் இடம் குறையும்போது உலாவிகள் நெடுநாள் பயன்படுத்தாத தளங்களின் சேமிப்பை நீக்குகின்றன. சஃபாரி 2020 முதல், ஒரு தளத்தோடு ஊடாடாமலேயே உலாவியை 7 நாள் பயன்படுத்திவிட்டால் அத்தளத்தின் சேமிப்பை அழிக்கிறது. முகப்பில் நிறுவிய செயலிக்கு இந்த 7 நாள் விதி பொருந்தாது. தீபாவளி விடுமுறைக்குப் போய்த் திரும்பியவரின் அனுப்பாத கணக்கு காணாமல் போகக் கூடாது என்றால், ஐபோன் வைத்திருப்பவர் செயலியைக் கட்டாயம் நிறுவ வேண்டும். மற்ற உலாவிகளில், நிலையான சேமிப்பு வேண்டும் என்று நிரலிலிருந்தே கேட்கலாம். குரோம் பயன்பாட்டையும் நிறுவலையும் கருதிக் கேள்வியின்றி முடிவெடுக்கிறது. பயனரே அமைப்புக்குள் சென்று தரவை அழித்தால் எதுவும் தடுக்காது.

புதிய பதிப்பை வெளியிட்டும் பழையதே திறக்கிறது. என்ன காரணம்?

அது பிழையன்று, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். புதிய சர்வீஸ் வொர்க்கர் இறங்கிய பிறகும், பழையதன்கீழ் திறந்திருக்கும் எல்லாச் சாளரங்களும் மூடப்படும்வரை அது காத்திருக்கும். ஒரே செயலியின் ஒரு பாதி பழைய நிரலிலும் மறு பாதி புதிய நிரலிலும் ஓடுவதைத் தவிர்ப்பதற்காகவே இந்தக் காத்திருப்பு. பக்கத்தை மீண்டும் ஏற்றுவதால் மட்டும் அது முடிவுக்கு வராது.

செருகுநிரலில் இரண்டு வழிகள் உள்ளன. தானாகப் புதுப்பிக்கும் வழியைத் தேர்ந்தால் புதிய பதிப்பு கிடைத்தவுடன் பக்கம் தானே மீண்டும் ஏறும். பயனரைக் கேட்கும் வழியே இயல்பு அமைப்பு. செய்தித்தளத்துக்கு முதலாவது சரி. மண்டோர் பாதிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது திரை வெளுத்து மீண்டும் ஏறினால் அவர் அந்தச் செயலியை இனி நம்ப மாட்டார் என்பதால், குலைக் கணக்குக்கு இரண்டாவதையே பரிந்துரைக்கிறோம். புதிய பதிப்பு இருக்கிறது என்ற சிறு பட்டையைக் காட்டி, அவர் தொட்டால் மட்டும் மாற்றுங்கள்.

பட்டையே தோன்றவில்லை என்ற குறையும் வருவதுண்டு. உலாவி புதிய பதிப்பு இருக்கிறதா என்று பொதுவாகப் பக்கம் புதிதாகத் திறக்கும்போதுதான் தேடும். நிறுவிய செயலியை யாரும் மூடுவதில்லை. வேறொன்றைப் பார்த்துவிட்டு அதே நிலைக்குத் திரும்புகிறார்கள். அது புதிய திறப்பாகக் கணக்கிடப்படாது. எனவே செயலி திரைக்கு வரும்போதும், மணிக்கு ஒருமுறையும் நிரலிலிருந்தே தேடச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். தொகுப்புக் கருவி ஒவ்வொரு வெளியீட்டிலும் கோப்புகளுக்குப் புதுப் பெயர் வைக்கிறது. பழைய பதிப்பில் இருப்பவர் இன்னும் திறக்காத பக்கத்தைத் தொடும்போது, சேமிப்பிலும் இல்லாத, சர்வரிலும் நீக்கப்பட்ட கோப்பைத் தேடித் தோற்கலாம். முந்தைய சில வெளியீடுகளின் கோப்புகளைச் சர்வரில் விட்டுவையுங்கள். அதேபோல் இன்டெக்ஸ்ட்டிபி அட்டவணையின் வடிவத்தை மாற்றும்போது பதிப்பு எண்ணை உயர்த்தி, அனுப்பாத பழைய பதிவுகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் நிரலையும் சேர்த்தே வெளியிட வேண்டும். இரண்டு மாதம் பயன்படுத்தாத கைப்பேசி ஒன்று மூன்று பதிப்புகளை ஒரே தாவலில் கடந்து வரக்கூடும் என்று எண்ணி அதை எழுதுங்கள்.

தமிழில் திரைகளை அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை என்ன?

இன்றைய ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டிலும் தமிழ் எழுத்துரு உள்ளேயே இருப்பதால், தனி எழுத்துருவை இறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கட்டாயம் கவனிக்க வேண்டியது பெயர் வரிசை. யூனிகோடு எண்படி வரிசைப்படுத்தினால் னகரம் நகரத்தின் அடுத்தும், றகரம் ரகரத்தின் அடுத்தும் வந்துவிடும். வள்ளிக்கு முன்னால் வனஜா நிற்பார். உலாவியில் உள்ள கொலேட்டர் வசதியிடம் தமிழ் மொழியைக் குறிப்பிட்டு ஒப்பிடச் சொன்னால் அகரவரிசை சரியாகிவிடும்.

வெட்டுக்காரர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். ஆகவே மலாய்த் திரையும் வேண்டும். 12 இலக்க அடையாள அட்டை எண்ணைக் கட்டாயப் புலமாக்கினால் கடப்பிதழ் மட்டும் வைத்திருப்பவரைப் பதியவே முடியாது. நம்மவர் பெயர்களில் வரும் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) ஆகியவற்றின் சாய்கோட்டைத் தவறான குறி என்று தள்ளும் படிவங்கள் இன்னமும் இருக்கின்றன. ஆயத்தமாகக் கிடைக்கும் சரிபார்ப்பு நூலகங்களை அப்படியே நம்ப வேண்டாம்.

அறிவிப்புகளை அனுப்ப முடியுமா?

முடியும். ஐபோனில் ஐஓஎஸ் 16.4 முதல், அதுவும் முகப்பில் நிறுவிய பிறகே. அனுமதியை ஒரு பொத்தானைத் தொட்ட பின் கேட்க வேண்டும். லோரி வரும் நேரம் மாறியது போன்ற செய்திக்கு மட்டும் பயன்படுத்தினால் யாரும் அதை அணைக்க மாட்டார்கள்.

கைப்பேசி தொலைந்தால் தொழிலாளர் விவரங்கள் என்ன ஆகும்?

இன்டெக்ஸ்ட்டிபியில் இருப்பதைச் செயலி தானாக மறையாக்கம் செய்வதில்லை. திரைப்பூட்டு இல்லாத கைப்பேசியைக் கண்டெடுத்தவர் செயலியைத் திறந்து அனைத்தையும் பார்க்கலாம். எனவே களத்துக்குத் தேவையில்லாததைக் கைப்பேசிக்கு அனுப்பாதீர்கள். மண்டோருக்கு வெட்டுக்காரரின் பெயரும் எண்ணும் போதும். அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, சம்பளம் ஆகியவை சர்வரிலேயே இருக்கட்டும். வெளியேறும்போது உள்ளூர்ச் சேமிப்பை அழியுங்கள், ஆனால் அனுப்பாத பதிவு இருந்தால் முதலில் எச்சரியுங்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறு குத்தகையாளருக்கும் பொருந்தும். 2024இல் செய்யப்பட்ட திருத்தத்தால், 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை ஆணையருக்கு அறிவிப்பதும் கடமையாகியுள்ளது.

எப்படிச் சோதிப்பது?

கணினியில், அந்தக் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் முகவரிக்கு எச்டிடிபிஎஸ் இல்லாமலேயே சர்வீஸ் வொர்க்கர் இயங்கும். அதே கணினியை வைஃபை வழியாக எண் முகவரியில் கைப்பேசியிலிருந்து திறந்தால் இயங்காது. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். யூஎஸ்பி கம்பியால் கைப்பேசியை இணைத்து, குரோமின் டெவ்டூல்ஸ் என்ற நிரலாளர் கருவிகளில் உள்ள போர்ட் ஃபார்வர்டிங்கைப் பயன்படுத்தினால் கைப்பேசியிலும் அது லோக்கல்ஹோஸ்ட்டாகவே தெரியும். முன்பு நிறுவல் தகுதிக்கு மதிப்பெண் தந்த லைட்ஹவுஸ் கருவி, 2024இல் வந்த 12ஆம் பதிப்போடு அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. டெவ்டூல்ஸின் அப்ளிகேஷன் பலகை மேனிஃபெஸ்ட் குறைகளை இப்போதும் காட்டுகிறது.

விமானப் பயன்முறையில் சோதிப்பது அவசியம், ஆனால் போதாது. முற்றிலும் தொடர்பற்ற நிலையில் கோரிக்கை உடனே தோற்றுவிடும். தோட்டத்தில் பெரும்பாலும் இருப்பது ஒரு கோடு சிக்னல், அதில் கோரிக்கை தோற்காமலும் முடியாமலும் தொங்கிக்கொண்டிருக்கும். இணையத்தை முதலில் நாடும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் மூன்று அல்லது நான்கு விநாடி வரம்பு வையுங்கள். பிறகு ஒரு காலை மண்டோரோடு நிரைக்குள் சென்று, அவர் கையுறையோடு பொத்தானைத் தொட முடிகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பின்னாளில் பிளே ஸ்டோரில் சேர்க்க முடியுமா?

முடியும். பபிள்ராப், பிடபிள்யூஏ பில்டர் ஆகிய கருவிகள் இதே வலைச்செயலியைப் பிளே ஸ்டோருக்கான பொதியாக மாற்றித் தருகின்றன. தளம் உங்களுடையதே என்று நிறுவும் சிறு கோப்பு ஒன்றைச் சர்வரில் வைக்க வேண்டும். அதில் பிழை இருந்தால் செயலியின் மேலே முகவரிப் பட்டை தெரியும்.

இணைய முகவரியை மாற்ற நேர்ந்தால் நிறுவியவர்களின் நிலை என்ன?

நிறுவலும், சேமிப்பும், அறிவிப்பு அனுமதியும் முகவரியோடு கட்டுண்டவை. முகவரி மாறினால் புதிய செயலியைத் தனியாக நிறுவ வேண்டும். பழைய முகவரியின் கீழ் உள்ள பதிவுகளைப் புதியது படிக்க முடியாது. எனவே இலவசத் துணைமுகவரியில் தொடங்காமல், முதலிலேயே சொந்த முகவரி ஒன்றைப் பதிந்துகொள்வது மலிவு. மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய முகவரியை உடனே திருப்பிவிட வேண்டாம். பழைய செயலியில் புதிய பதிவைச் சேர்க்க முடியாதபடி செய்து, தேங்கியவற்றை அனுப்பும் வேலையை மட்டும் அதில் விட்டுவைத்து, எல்லாக் கைப்பேசிகளிலிருந்தும் வரிசை காலியாகிவிட்டதைச் சர்வரில் உறுதிசெய்த பிறகே அதை மூடுங்கள்.